இதயத்திற்குத் துணை நிற்கும் சிறு கருவி

நம் ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் கைப்பிடி அளவே உள்ள ஒரு தசை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கின்றது. அதனைத் துடிக்கச் சொல்வது யார்? இதயத்தின் வலது மேலறையில் அமைந்த ஒரு சிறு கணு, தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகின்றது. அத்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு கணுவின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகின்றது. உயிரியல் வகுப்பில் இதனைப் படித்திருக்கின்றோம். அந்தக் கணு சோர்ந்துவிட்டால், அல்லது வழி அடைபட்டுவிட்டால் என்ன நேரும்?

நிமிடத்திற்கு 60, 70 என்றிருந்த துடிப்பு 30, 40 எனக் குறையும். மூளைக்குப் போதிய இரத்தம் செல்லாது. தலை சுற்றும், கண் இருளும், நின்றவர் நின்ற இடத்திலேயே விழுவார். நம் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் முதியவர் ஒருவர் இப்படி விழுந்தால், "பித்தம்", "வெயில்" என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுகின்றோம். வெயிலாகவும் இருக்கலாம்தான். ஆயினும் நாடியை எண்ணிப் பார்ப்பதும், ஓர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதும் நலம். குறைபாடு உறுதியானால் மருத்துவர் "பேஸ்மேக்கர்" வைக்கச் சொல்வார். உடனே வீட்டில் அழுகை தொடங்கிவிடும்! அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்பதைக் கூறவே இக்கட்டுரை.

உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர், 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்ன லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியாளர். பொருத்தியவர் ஓக்கெ சென்னிங் என்னும் அறுவை மருத்துவர். கருவியின் மேலுறையை வார்ப்பதற்கு அச்சாகப் பயன்பட்டது ஒரு ஷூ பாலிஷ் டப்பா என்றால் நம்புவீர்களா, தோழியரே? அக்கருவி சில மணி நேரமே உழைத்தது. உடனே இரண்டாவது கருவியை வைத்தனர். இவ்வாறு வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன், 2001-இல் தம் 86-ஆம் வயதில் வேறொரு நோயால் காலமானார். தமக்குக் கருவி செய்தவரும் பொருத்தியவரும் மறைந்த பின்னும் அவர் வாழ்ந்திருந்தார்.

இன்றைய கருவி தீப்பெட்டியளவே இருக்கும், அதைவிடத் தட்டையானது. 20 முதல் 30 கிராம் எடை. டைட்டானியம் உறைக்குள் லித்தியம் மின்கலமும் நுண்ணிய மின்சுற்றும் உள்ளன. காறை எலும்புக்குக் கீழே தோலடியில் அதனை வைத்து, மெல்லிய கம்பியைச் சிரை வழியே இதயத்திற்குள் செலுத்துவர். பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே இதைச் செய்துவிடுகின்றனர், நெஞ்சைப் பிளப்பதில்லை. இதயம் தானே துடிக்கும்போது கருவி வாளாவிருக்கும். துடிப்புத் தவறும்போது மட்டுமே தூண்டும்.

முதல் 4 முதல் 6 வாரங்கள் வரைதான் மிகுந்த கவனம் தேவை. அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கலாகாது. கிணற்றில் நீர் சேந்துவது, புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் ஏற்றுவது ஆகியவற்றை வீட்டிலுள்ள மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி இதயத்தில் நன்கு பற்றிக்கொண்டபின் மருத்துவர் இசைவுடன் வயல்வேலைக்கும் திரும்பலாம். ஆனால் நாம் காண்பது என்ன? ஆறு மாதம் கழிந்தும் அப்பாயியை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார்கள். மிக்சி, மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றால் ஒரு தீங்கும் இல்லை. மின்காந்த அடுப்பு மட்டும் இரண்டடி தள்ளி இருக்கட்டும். கைப்பேசியைக் கருவிக்கு அருகே வைக்காமல், மறுபக்கத்துக் காதில் வைத்துப் பேச வேண்டும். அதை வைத்துக்கொள்வதற்குப் பாட்டிமாரின் இடுப்புச் சுருக்குப் பையைவிடப் பொருத்தமான இடமில்லை.

மக்காச்சோளக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் பம்புசெட்டு ஓடுகின்றது. ஒழுங்காக ஓடும் மோட்டாரால் ஆபத்தில்லை. கைநீளம் தள்ளி நின்றால் போதும். மின்கசிவுள்ள மோட்டாரோ யாவருக்குமே எமன். வெல்டிங் பட்டறையிலும், அரியலூரின் சிமெண்டு ஆலைகளில் பெரிய மின்பொறிகளுக்கு அருகிலும் வேலை செய்வோர், மருத்துவரைக் கேட்ட பின்னரே பணிக்குத் திரும்ப வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாக் கருவிகளும் அதற்கு ஏற்றவை அல்ல.

1980-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்ட வேறொரு கருவியும் உண்டு. இதயம் தாறுமாறாக அதிரும்போது இது உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும். குதிரை நெஞ்சில் உதைத்தாற்போல் இருக்கும் என்பர். ஓர் அதிர்ச்சி வந்து, பின் நலமாக இருந்தால் மருத்துவருக்குத் தெரிவித்தால் போதும். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கம் இருந்தாலோ உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. மயக்கம் நின்று உடல் தேறியவுடன், "நன்றாகத்தானே இருக்கின்றேன்" என்று பலர் சோதனைக்குப் போவதை விட்டுவிடுகின்றனர். திருச்சிக்கோ தஞ்சைக்கோ பேருந்து ஏறிச் செல்வதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஆனால் மின்கலம் நிலையானதன்று. பெரும்பாலும் 8 முதல் 12 ஆண்டுகள் உழைக்கும். அது தீர்வதற்குப் பல மாதங்கள் முன்பே கருவி எச்சரிக்கை செய்துவிடுகின்றது. அதைப் படிக்கும் பொறியோ மருத்துவமனையில்தான் இருக்கின்றது. நெஞ்சின்மேல் ஒரு சிறு கருவியை வைத்தே படித்துவிடுவர். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில், வீட்டுப் பிள்ளைகளாகிய நாமே உடன் அழைத்துச் செல்லலாம். கருவியின் பெயரும் எண்ணும் உள்ள அட்டை எப்போதும் கையோடிருக்க வேண்டும். குடும்ப அட்டையோடு பீரோவில் பூட்டி வைப்பதால் பயனில்லை. செலவுக்கு அஞ்சுவோர், 2012 முதல் நடைபெற்றுவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி மருத்துவமனையில் கேட்டறியலாம்.

கருவி இருந்தால் உயிர் பிரியாது என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. உயிரற்ற தசை எந்தத் தூண்டுதலுக்கும் அசையாது. அடக்கம் செய்வோருக்குக் கருவியால் இடையூறில்லை. தகனம் செய்வதாயின், தீயில் மின்கலம் வெடிக்குமாதலால் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். இவ்வாறு எடுத்தவை வீணாவதும் இல்லை. அமெரிக்காவில் ஈமச்சடங்கு இல்லங்கள் வழங்கிய பேஸ்மேக்கர்களைச் சோதித்துத் தூய்மை செய்து, மும்பையிலுள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் ஏழை நோயாளிகள் 53 பேருக்குப் பொருத்தினர். அவர்களுள் எவருக்கும் கருவியால் தொற்று ஏற்படவில்லை என்று 2011-இல் அம்மருத்துவர்கள் எழுதினர்.