பாட்டும் ஒரு தொழில்தான்

(மாதக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுவதற்கான பாடம்)



குழுப் பதிவேட்டில் ‘தொழில்’ என்ற கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் கறவை மாடு, ஆடு, தையல், இட்லிக் கடை, பூக்கட்டுவது, கூலி வேலை என்றுதான் எழுதியிருப்போம். ‘பாட்டு’ என்று எழுதியிருப்பது அபூர்வம். ஆனால் மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் திருவிழாக் காலத்தில் கச்சேரிக்குப் பாடப் போகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் பதிவேட்டில் ‘கூலி’ என்றே எழுதுகிறார்கள். கேட்டால், “அது என்னக்கா தொழிலு, சும்மா பாடுறதுதானே” என்று பதில் வரும்.

சும்மா பாடுவதா? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

எது வரைக்கும் பாடலாம்?

நம் ஊரில் பெண் பாடுவதை யாரும் தடுப்பதில்லை. தொட்டிலில் தாலாட்டு, நடவில் வேலைப் பாட்டு, முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு, சாவுக்கு ஒப்பாரி, சடங்குக்குக் குலவை எல்லாமே பெண்கள்தான். இதில் எதற்கும் காசு கிடையாது. அதே பெண் மேடையேறி, மைக்கைப் பிடித்து, சம்பளம் வாங்கிப் பாடினால் பேச்சு மாறிவிடுகிறது. “ராத்திரியில் ஊர் ஊராப் போறவ” என்கிறார்கள். கூட வரும் தவில்காரரும் ராத்திரியில்தான் போகிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வாத்தியம் என்றால் இன்னும் கஷ்டம். நாதசுரம், தவில், பறை எல்லாம் ஆம்பளைங்க கருவி என்றே வெகுகாலம் வைத்திருந்தார்கள். அதை மாற்றிக் காட்டிய பெண்களும் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பெண்கள்

மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய் முதல் பெண் நாதசுரக் கலைஞர் என்று பேர் பெற்றவர். கோயில் விழாவிலும் கல்யாணத்திலும் அவர் வாசிப்பைக் கேட்கக் கூட்டம் கூடியது. கணவர் இறந்த பிறகு அந்த நாதசுரம் ஓய்ந்து போனது. மூச்சும் விரலும் அப்படியேதான் இருந்தன. ஆனால் நாதசுரம் மங்கல வாத்தியம், அதைத் தாலி இழந்தவர் வாசிக்கலாமா என்ற ஊர் வழக்கம் குறுக்கே நின்றது. மனைவியை இழந்த எந்த நாதசுரக்காரரையும் ஊர் இப்படிக் கேட்டதில்லை. அந்த அம்மா 2012-ல் காலமானார்.

சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடி கருப்பாயி, கிராமத்துப் பாட்டை அப்படியே வானொலியில் பாடிப் பேர் வாங்கியவர். 1985-ல் வந்த ‘ஆண்பாவம்’ படத்தில் பாடி நடித்தார். 1993-ல் கலைமாமணி விருது கிடைத்தது. 2025 ஜூனில், 99 வயதில் மறைந்தார்.

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள பரவை, முனியம்மாவின் ஊர். பல வருடம் கோயில் கொடைகளில் பாடியவர். 2003-ல் ‘தூள்’ படம் வந்த பிறகுதான் நாடு முழுக்கத் தெரிந்தார். 2019-ல் கலைமாமணி விருதும் வந்தது. ஆனால் நடுவில் உடம்புக்கு முடியாமல் போனபோது வைத்தியத்துக்கே கஷ்டப்பட்டார். 2015-ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, இவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் வங்கியில் போட்டு மாதாமாதம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். 2020-ல் காலமானார். பேரும் புகழும் உள்ளவருக்கே இந்த நிலை. பேர் வெளியே தெரியாத பாட்டுக்காரிக்கு யார் ஓடிவருவார்கள்?

திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் இளம் தலித் பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்தது. சாதியின் பேரால் இழிவு என்று ஒதுக்கிய கருவியைப் பெண்கள் தோளில் மாட்டி, மேடையில் நிமிர்ந்து நின்று அடித்தார்கள். ஒருத்தியாகப் போயிருந்தால் கேலி பேசியிருப்பார்கள். குழுவாகப் போனதால் கைதட்டினார்கள். இது நமக்குப் புதிதில்லை. முதல்முதலில் வங்கிக்குள் நாம் போனதும் குழுவாகத்தானே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கச்சேரித் தொழில் சீசன் தொழில். கோயில் திருவிழாக்கள் நடக்கிற சில மாதங்களில்தான் வரும்படி. வருடத்துக்கு 40 ராத்திரி, ஒரு ராத்திரிக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வரவு: 40 x 1,500 = 60,000 ரூபாய்.
பஸ், பூ, பவுடர், சாப்பாடு, சேலை என்று ராத்திரிக்கு 300 ரூபாய் செலவு: 12,000 ரூபாய்.
மீதி 48,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 4,000 ரூபாய்.

சீசன் இல்லாத மாதத்தில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். செட் தலைவரிடமோ ஏஜெண்டிடமோ 20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்குகிறார். அஞ்சு வட்டி என்றால் மாதம் 1,000, வருடம் 12,000 ரூபாய் வட்டிக்கே போகும். மாத வருமானம் 3,000 ஆகிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு ஒன்று இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கியவர் அந்த செட்டை விட்டுப் போக முடியாது. காய்ச்சல் என்றாலும் போகணும். குடித்துவிட்டு மேடையேறி வம்பு செய்கிற ஊருக்கும் போகணும். சம்பளத்தைக் குறைத்தாலும் வாயைத் திறக்க முடியாது.

அதே 20,000 ரூபாயைக் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 200 ரூபாய்தான். அசலைக் கட்டக் கட்ட அதுவும் குறையும். வட்டியில் மட்டும் வருடத்துக்கு 9,600 ரூபாயாவது மிச்சம். “இந்த ஊருக்கு நான் வரலை” என்று சொல்கிற தைரியமும் கூடவே வரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய உதவிகள்

* தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் தொடங்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ள கலைஞர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து மற்றும் இயற்கை மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு.
* வயதான, நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை தனியாக இருக்கிறது.
* இரண்டுக்கும் மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விசாரிக்கலாம். நமக்குப் பக்கத்தில் இருப்பது மதுரை.
* மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். பெண் பிள்ளைகளும் சேரலாம்.

புரோகிராம் போட்டோ, நோட்டீஸ், பத்திரிகையில் வந்த செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள். ‘நான் கலைஞர்’ என்று காட்ட அவைதான் சாட்சி.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் ஊரில் பாடுகிற, வாசிக்கிற பெண்கள் யார் யார்? அவர்கள் குழுவில் இருக்கிறார்களா?
2. கணவரை இழந்த பெண்ணை எந்தெந்தப் பாட்டிலிருந்து, எந்தெந்தச் சடங்கிலிருந்து நாமே ஒதுக்குகிறோம்?
3. ராத்திரி கச்சேரிக்குப் போகும் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசுவது யார்? அதில் நம் பங்கு எவ்வளவு?
4. நம் ஊர்த் திருவிழாவுக்குக் கலைஞர்கள் வரும்போது, பெண்கள் உடை மாற்ற அறை, கழிப்பறை, பேசியபடி சம்பளம் மூன்றுக்கும் யார் பொறுப்பு?

நாலாவது கேள்விக்குக் கூட்டத்திலேயே ஒரு முடிவு எடுங்கள். திருவிழாக் கமிட்டி கூடுவதற்கு முன்னால் குழுத் தலைவியும் இரண்டு உறுப்பினர்களும் போய்ப் பேசலாம். வரிப் பணம் நாமும்தான் கொடுக்கிறோம், கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

அடுத்த முறை பதிவேட்டைப் புதுப்பிக்கும்போது, பாடுகிற சகோதரியின் பேருக்கு நேராக ‘கூலி’ என்பதை அடித்துவிட்டு ‘பாட்டுக் கலைஞர்’ என்று எழுதுங்கள். தொழில் கடன் கேட்க அந்த ஒரு வரி உதவும்.