கோர்ட் படி ஏறாமல் கடனை வாங்க முடியுமா?

கேள்வி: சித்தப்பா மகனுக்குக் கடை வைக்க 4 லட்சம் கொடுத்தேன். புரோநோட்டு இருக்கிறது. கேட்டால் இழுத்தடிக்கிறான். வழக்குப் போட்டால் உறவு அறுந்துவிடும். வேறு வழி உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுக்கலாம்; கட்டணம் இல்லை. தம்பிக்கு நோட்டீஸ் போகும். இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். தவணையாகத் தர அவர் சம்மதித்தால், அதை எழுதிக் கையெழுத்து வாங்கி மக்கள் நீதிமன்றத்தில் பதிவுசெய்வார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசிவைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. சொன்னபடி தராவிட்டால் நேரே நிறைவேற்று மனு போடலாம்.

ஆனால் அவர் வராவிட்டாலோ சம்மதிக்காவிட்டாலோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பிறகு கோர்ட்தான். அதனால் புரோநோட்டின் தேதியை இன்றே பாருங்கள். பொதுவாக 3 வருடம்தான் கெடு. உறவுக்காகப் பொறுத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டு, பணத்தை இழந்தவர்கள் ஏராளம். எனக்கு அதுதான் பெரிய கவலை. கெடு முடிவதற்குள், கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு தேதியுடன் தம்பி கையெழுத்திட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். பேச்சு தொடங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

விவரம் கேட்க 15100 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.