அந்த முனகல் என்ன கேட்கிறது?

மாணவர்களே, நாய் எழுப்பும் ஒலிகளுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு: குரைப்பு, உறுமல், ஊளை, முனகல். இவற்றில் வீட்டாரின் பொறுமையை அதிகம் சோதிப்பது முனகல்தான். மாசாயிலோ ஸ்கூடாயிலோ வரிசை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அண்டை வீட்டார் இரண்டு முறை புகார் சொன்னதும் நாயை யாருக்காவது கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. சந்தை ஓரமாக இறக்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அந்த நிலை வருவதற்குள் முனகல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

முதலில் அதன் சுருதியைக் கவனியுங்கள். பெரிய உடலிலிருந்து கனத்த குரலும் சிறிய உடலிலிருந்து மெல்லிய குரலும் வருவது இயல்பு. விலங்குகள் இதையே மொழியாக்கிக்கொண்டன என்று 1977இல் எழுதினார் யூஜின் மோர்ட்டன் என்ற விலங்கியல் ஆய்வாளர். மிரட்டும் விலங்கு கரகரப்பான கனத்த ஒலி எழுப்பித் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும். அஞ்சுகிற அல்லது கெஞ்சுகிற விலங்கு மெல்லிய, உயர்ந்த ஒலியால் தன்னைச் சிறிதாக்கிக்கொள்ளும். உறுமலும் முனகலும் இந்த இரு முனைகள். அம்மாவிடம் காசு கேட்கும்போது உங்கள் தம்பியின் குரல் எப்படி மாறுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

இந்தக் குரலை நாய் யாரிடமும் கற்பதில்லை. பிறக்கும்போது குட்டியின் கண்களும் மூடியிருக்கும், காதுத் துளைகளும் மூடியிருக்கும். அவை திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காத அந்த வயதிலும் குளிர்ந்தால், பசித்தால் அது முனகும், தாய் வருவாள். பிற்பாடு தாயின் இடத்துக்கு நாம் வந்துவிடுகிறோம். இதற்கு அழகான சான்று சைபீரியாவில் இருக்கிறது. 1959இல் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர், மனிதரைக் கண்டு அதிகம் அஞ்சாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார். ஒரு சில தலைமுறைகளிலேயே வாலாட்டி, மனிதரின் கவனத்துக்காக முனகும் நரிக்குட்டிகள் பிறந்தன! முனகும்படி அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. மனிதரோடு நெருங்கும் குணத்தோடு அதுவும் சேர்ந்தே வந்தது.

ஆக, முனகுவது இயற்கை. ஓயாமல் முனகுவதோ பல வீடுகளில் நாம் கற்றுக்கொடுத்த பாடம். நீங்கள் மேசையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறீர்கள். நாய் முனகுகிறது. அப்பா "சும்மா இரு" என்கிறார், அக்கா கண்டுகொள்ளவில்லை, பத்தாவது நிமிடத்தில் பாட்டி ஒரு துண்டு போட்டுவிடுகிறார். நாய் கற்றது என்ன? பத்து நிமிடம் விடாமல் முனக வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு முறையும் பலன் தருவதைவிட, எப்போதாவது பலன் தருவதே ஒரு பழக்கத்தை வலுவாக வேரூன்றச் செய்யும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் கண்டார். சூதாட்ட இயந்திரத்தை விட்டு மனிதன் எழுந்திருக்காததும் இதே காரணத்தால்தான்.

இதை மாற்ற வீட்டில் எல்லாரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். பாட்டியும்தான்! முனகும்போது பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, திட்டவும் கூடாது. திட்டுவதும் நாய்க்கு ஒரு கவனிப்புதான். அமைதியாக இருந்த சில விநாடிகளில் கொடுங்கள். தொடக்கத்தில் முனகல் குறைவதற்குப் பதில் கூடும். பழைய சாவி திறக்காதபோது இன்னும் பலமாகத் திருகிப் பார்ப்போமே, அதுபோல. பெரும்பாலோர் அந்த இரண்டு மூன்று நாள்களில்தான் தோற்றுப்போகிறார்கள். அடிப்பது பயன் தராது. அச்சத்தைக் கூட்டி முனகலையே வளர்க்கும். தவிர, விலங்கை அடித்துத் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம்.

ஆனால் எல்லா முனகலுக்கும் இந்த மருந்து பொருந்தாது. ஜொகூர் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடக்க ஆகும் நேரமோ அவரவர் அதிர்ஷ்டம். பிறகு நீங்கள் பள்ளிக்குப் போய்விடுகிறீர்கள். நாய் நாள் முழுக்கத் தனியே. சில நாய்களுக்கு இது உண்மையான அச்சமாகவே முற்றிவிடும்: எச்சில் ஒழுகும், கதவைப் பிராண்டும், இடைவிடாமல் முனகும். இது எதையும் கேட்டு வாங்கும் முனகல் அல்ல. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அச்சம் தணியாது, மோசமாகலாம்.

இங்கே நமக்கு உதவுபவர் பாவ்லோவ். சோறு வரும் முன்பே, அதற்கு அறிகுறியான ஒலியைக் கேட்டு அவருடைய நாய்கள் எச்சில் ஊறின. உங்கள் நாய்க்கு அப்பா தலைக்கவசம் எடுப்பதும் கடப்பிதழ்ப் பையை மாட்டுவதும் அப்படிப்பட்ட அறிகுறிகள். அவர் வாசலைத் தாண்டும் முன்பே முனகல் தொடங்கிவிடும். விடுமுறை நாளில் அந்தத் தொடர்பை உடைக்கலாம். தலைக்கவசத்தை எடுங்கள், உட்கார்ந்து தொலைக்காட்சி பாருங்கள். சாவியை ஆட்டுங்கள், எங்கும் போகாதீர்கள். பல முறை செய்தபின், கதவுக்கு வெளியே அரை நிமிடம் நின்று, நாய் பதறும் முன்பே திரும்புங்கள். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. ஒரே நாளில் ஒரு மணி நேரத்துக்குத் தாவினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

எந்த முனகல் என்று எப்படிப் பிரிப்பது? ஒரு குறிப்பேட்டில் ஒரு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதன்பின் நாய்க்கு என்ன கிடைத்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்துக்குக் கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துக் காணொலி எடுங்கள். பிரிவின் அச்சம் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். இதுவரை முனகாத நாய் திடீரென முனகினாலோ, தொட்டால், படியேறினால், சிறுநீர் கழிக்கையில் முனகினாலோ அது வலியாக இருக்கலாம். அப்போது பயிற்சி எதுவும் வேண்டாம். குறிப்பேட்டையும் காணொலியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய் தன் வலியைச் சொல்லாது என்பதால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்விகளும் இவைதான்: எப்போது, எதற்குப் பிறகு, எவ்வளவு நேரம்.