வழிக்கேற்ற காலணி

மக்கள் உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குவன அடிகளேயாம். ஓர் அடியில் 26 எலும்புகள் உள்ளன. அவை நார்களாற் பிணிக்கப்பட்டு, நிலத்தின் மேடு பள்ளங்களுக்கேற்ப வளைந்து கொடுக்கின்றன. நாம் ஓடும்போது ஒவ்வோர் அடியும் ஊன்றுந்தோறும், உடம்பின் எடையைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட விசை அதனைத் தாக்குகின்றது. சமநிலத்திலேயே இங்ஙனமாயின், கல்லும் வேரும் சேறும் சரிவும் நிறைந்த மலைவழியில் அடிகள் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின், மலைவழியில் நடக்கவும் ஓடவும் விரும்புவோர் தமக்குரிய காலணியை ஆராய்ந்து தேர்தல் இன்றியமையாதது.

இதனைச் சிறு செய்தியென்று கருதலாகாது. முற்காலத்தில் ஐரோப்பாவின் ஆல்ப்சு மலைகளில் ஏறுவோர், இரும்பாணிகள் அறைந்த கனத்த தோற்காலணிகளை அணிந்து மலையடி வரை செல்வர். செங்குத்தான பாறையில் ஏறுங்கால் அவற்றைக் களைந்து, மெல்லிய அடித்தளமுடைய இலேசான காலணிகளை அணிவர். இவை பாறையில் ஏற உதவுமேயன்றிப் பனியிலும் குளிரிலும் பயன்படா. 1935ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டு ஆல்ப்சு மலையில் புன்டா ரசீக்கா என்னும் சிகரத்தில் ஏறிய குழுவினர் கடும்பனிப் புயலில் அகப்பட்டனர். அவருள் அறுவர் குளிரால் மாண்டனர். அவர்தம் காலணிகள் அவ்விடத்துக்கு ஏலாதனவாயிருந்தமையும் அச்சாவுக்கு ஒரு காரணமாயிற்று.

மாண்டவர்களின் தோழர் விட்டாலே பிரமானி என்னும் மலையேற்ற வழிகாட்டி. அத்துயரம் அவர் உள்ளத்தை வருத்தியது. பாறையிலும் பனியிலும் ஒருங்கே பயன்படும் ஒரு காலணி வேண்டுமென அவர் துணிந்தார். பிரெல்லி என்னும் இரப்பர் நிறுவனத்தாரின் துணையைப் பெற்று, கந்தகமூட்டி உறுதியாக்கிய இரப்பரில், ஆழ்ந்த பள்ளங்களும் எழுந்த கட்டைகளும் அமைந்த அடித்தளம் ஒன்றை 1937ஆம் ஆண்டில் உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு ‘விப்ரம்’ எனப் பெயரிட்டனர். 1954ஆம் ஆண்டில் கே-2 சிகரத்தின் உச்சியை முதன்முதல் அடைந்த இத்தாலியரின் காலணிகளில் இருந்ததும் அவ்வகை அடித்தளமே. இன்று மலைத்தடங்களில் ஓடுவதற்கெனச் செய்யப்படும் காலணிகளின் அடியில் நாம் காணும் கட்டைகள் அவர் காட்டிய நெறியில் வந்தனவே.

இனி, அத்தகைய காலணியைத் தேரும் முறையைக் காண்போம். முதற்கண் ஆராயத்தக்கது வழி. இறுகிய மண்ணும் சிறு கற்களும் உள்ள தடத்திற்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரமுள்ள கட்டைகள் போதும். சேறு மிகுந்த வழிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் உயரமும், கட்டைகளுக்கிடையே அகன்ற இடைவெளியும் வேண்டும். இடைவெளி குறுகியதாயின், சேறு அப்பிக்கொண்டு வழுக்கும். தார்ச்சாலையில் ஓடுதற்குரிய காலணி பெரும்பாலும் வழுவழுப்பான அடியுடையது. ஈரப்பாறையில் அதனை நம்புதல் இடர்தரும்.

அடுத்து ஆராயத்தக்கது அளவு. செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று நம் நாட்டார் வினவுவர். நெடுநேரம் நடந்தால் அடிகள் சற்றே வீங்கும். ஆகவே, மாலைப்பொழுதிற் சென்று, வழிநடைக்குரிய காலுறையை அணிந்துகொண்டு அளவு பார்த்தல் நன்று. இரண்டு அடிகளும் பலர்க்கு ஒத்திருப்பதில்லை. பெரிய அடிக்கே அளவு கொள்ளல் வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் வெற்றிடம் இருத்தல் வேண்டும். இன்றேல், மலையிறங்கும்போது விரல்கள் முன்புறம் மோதி நகங்கள் கருத்துப்போகும். குதிகாலோ அசையாமல் நிற்றல் வேண்டும். அது மேலுங்கீழும் வழுகினால் தோல் உராய்ந்து கொப்புளம் எழும். “போடப்போடச் சரியாகிவிடும்” என்று விற்பவர் கூறுவதை நம்பற்க. கடையிற் கடிக்கும் காலணி காட்டிலும் கடிக்கும்.

மூன்றாவது, உழைப்பு. இங்கே ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். மென்மையான இரப்பர் ஈரப்பாறையை நன்கு பற்றும். ஆயின், விரைவில் தேயும். கடினமான இரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆயின், ஈரத்தில் வழுக்கும். இரண்டு நலங்களும் ஒரு பொருளில் முழுமையாக அமைவது அரிது. தனக்கு எது மிகுதியும் வேண்டுவது என்பதை அவரவரே தெளிதல் வேண்டும். எடைக்கும் இவ்வாறே வரையறை உண்டு. ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால், ஓடுவதற்கு வேண்டும் ஆற்றல் ஏறத்தாழ 1 விழுக்காடு மிகும். ஆயினும், கூரிய கற்கள் நிறைந்த வழியில், விரல்நுனியைக் காக்கும் தடித்த முகப்பும் உறுதியான மேற்பகுதியும் அச்சிறு பாரத்திற்கு ஈடாகும்.

நீர்புகாக் காலணியே சிறந்ததென்பர் சிலர். புல்லின் ஈரத்தையும் சிறு தூறலையும் அது தடுக்கும் என்பது உண்மையே. ஆனால், ஓடையைக் கடக்கும்போது மேல்விளிம்பின் வழியாக நீர் புகுந்துவிடின், அந்நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். வலைபோன்ற மேற்பகுதியுடைய காலணி விரைவில் நனையும். விரைவில் உலரவும் செய்யும்.

வாங்கிய பின்னும் கடமை உண்டு. நனைந்த காலணியை நெருப்பருகே வைத்தல் கூடாது. வெப்பத்தால் ஒட்டுப்பசை இளகும். உள்ளே தாளைத் திணித்து நிழலில் உலர்த்துதல் வேண்டும். ஓட்டக் காலணி ஒன்று பெரும்பாலும் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். அடிக்கட்டைகள் தேயாதிருப்பினும், நடுவிலுள்ள நுரைப்பகுதி நசுங்கி விசையைத் தாங்கும் திறனை இழந்திருக்கலாம். முழங்காலில் புதிதாக வலி தோன்றின், காலணியையும் ஆராய்தல் வேண்டும்.

மாணவர்களே, நிறமும் புகழும் விலையும் கண்டு காலணியைத் தேராதீர்கள். மருத்துவரும் ஊர்தியும் அணுகாத மலைவழியில் ஒருவன் கால் பிசகினால், உடன்வந்தோர் அனைவரும் அவனைச் சுமத்தல் வேண்டும். இருட்டுமுன் ஊரடைய வேண்டிய குழு காட்டிலே தங்க நேரும். தன் அடியையும் செல்லும் வழியையும் அறிந்து காலணி தேர்பவன், தன்னைக் காப்பதோடு தன் தோழரையும் காக்கின்றான்.