கேரியரைப் பிடிக்கப் போகிறவளுக்கு

தாயி,

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றப் போகிறேன், ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு செய்யப் போகிறேன் என்று நீ போனில் சொன்ன அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியான தூக்கமில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி. நான் செய்த தப்புகளையெல்லாம் நீயும் ஒவ்வொன்றாகச் செய்யப்போகிறாயோ என்ற பயம்தான். புதிதாகத் தப்புச் செய், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். பழையதை மட்டும் கேட்டுக்கொள்.

1. உன் பெயர் பின்னால் வரட்டும். 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த கதை உனக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மாதான் அதற்குத் தூண். பெண்கள் வண்டி போதவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்கள் வண்டியிலேயே பழகினோம். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்குமேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். இதையெல்லாம் யார் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். யாரும் எழுதிவைக்காதது, நம் ஊர் வாடகை சைக்கிள் கடைக்காரர் கடை சாத்துகிற நேரத்துக்குப் பிறகு காசு வாங்காமல் எங்களுக்கு வண்டியை விட்டது. வாயால் திட்டிக்கொண்டே கையில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கம்மாய்க் கரையில் நின்ற என் மாமியாரைப் பற்றியும் எங்கும் ஒரு வரி கிடையாது. உனக்கும் அப்படிப் பத்துப் பேர் வருவார்கள். நோட்டீஸ் அடித்தால் அவர்கள் பெயரைப் போடு. உன் பெயர் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

2. பஞ்சர் கடைக்காரரிடம் முதலில் போ. நன்கொடை கொடுக்கிறவரிடம் அப்புறம் போகலாம். நான் தலைகீழாகச் செய்தேன். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது ஒரு சங்கத்துக்காரர்கள் இருபது சைக்கிள் கொடுத்தார்கள். பந்தல், பொன்னாடை, போட்டோ எல்லாம் ஆயிற்று. நம் ஊரில்தான் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல முள்ளாயிற்றே, முதல் மாதத்திலேயே ஏழெட்டு வண்டி காற்றிறங்கி நின்றுவிட்டது. ஒட்டுப் போடுகிற காசை யார் கொடுப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. வீட்டில் கேட்டால் பள்ளிக்கூடத்து வண்டிதானே என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் உங்களிடம் கொடுத்தாயிற்றே என்றோம். ஐப்பசி மழை முடிவதற்குள் பின்கட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து துருவேறிக் கிடந்தன.

வெட்கத்தை விட்டு முக்குக் கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டீச்சர்?” கேட்டிருந்தால் இந்த மண்ணுக்கு எந்த டயர் தாங்கும், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உயர வண்டி வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பார். அடுத்த சனிக்கிழமை வட்டா நிறையத் தண்ணீரோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் காட்டினார். உரசுவது, சொல்யூஷன் தடவிக் காயவிடுவது, ஒட்டுவது எல்லாம் பிள்ளைகளையே செய்யச் சொன்னார். ஒட்டிய கையோடு எழுந்தவர்களை, “உக்காரு, வேலை முடியல” என்று நிறுத்தினார். டயருக்குள் விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுத் தடவ வேண்டும். முள் அங்கேதான் ஒளிந்திருக்கும்; அதை எடுக்காவிட்டால் புது ஒட்டு மறுநாளே போய்விடும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நகக்கண்ணால் ஒரு முள்ளை நெம்பி எடுத்து, கோயில் பிரசாதம் மாதிரி உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். பதினோரு வண்டி பிழைத்தது. அவருடைய சனிக்கிழமை வருமானத்தை நாங்கள் தின்றுவிட்டோம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நீ மரியாதையோடு கூலியும் சேர்த்துக் கொடு.

3. பழகுகிற இடம் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரக்கூடிய இடமா என்று பார். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் கோயில் திடலைத் தேர்ந்தெடுத்தேன். சமதரை, வேப்பமர நிழல், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். காலனிப் பிள்ளைகள் முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஒருவரும் வரவில்லை. “அவங்களுக்கு இதுல ஆர்வமில்லை” என்று கூட்டத்தில் சொன்னவள் நான்தான். வேறு ஏதோ பேச்சில் ஒரு பையன் சொன்னான்: “அந்தத் தெருவுல எங்க தாத்தா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவாராம் டீச்சர். அம்மா அந்தப் பக்கம் போகாதேங்குது.” அந்த வருஷம் திடலில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. தாத்தா இறங்கி நடந்தது பேரன் காலைக் கட்டிப்போட்டிருக்கிறது, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

மறுவாரமே வற்றிக் கிடந்த கம்மாய்க்கு மாற்றினேன். ஒரே புழுதி, நிழல் கிடையாது, முள் வேறு. ஆனால் அங்கே வர எந்தப் பிள்ளையும் எந்த வீட்டு வாசலையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. திடல்தான் வசதி என்று சிலர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அதில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் வரவேயில்லை. அதற்காக நான் திடலுக்குப் போகவில்லை. நீயும் போகாதே.

4. பிள்ளையிடம் பொய் சொல்லாதே. சீட்டை இறக்கு, இரண்டு பாதமும் தரையில் படட்டும். முதல் சில நாள் பெடலைக் கழற்றிவிட்டுக் காலால் உந்தவிடு. குரங்குப் பெடல் அடித்துப் பழகிய தலைமுறை நாம், முட்டியில் தழும்பில்லாதவர் கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு வேண்டாம். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. “பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே கேரியரை விட்டுவிடுவோமே, அது வேண்டாம். ஒரு குட்டிப்பெண் திரும்பிப் பார்த்து, நான் பத்தடி பின்னால் நிற்பதைக் கண்டு விழுந்தாள். தாடையில் மூன்று தையல். தையல் பிரித்து ஆறிவிட்டது. அவள் என்னை நம்ப ஒரு வருஷமாயிற்று. விடும்போது “விடுறேன்” என்று சொல்லிவிட்டு விடு. விழுந்தால் அன்றைக்கே, விளக்கு வைப்பதற்குள் அந்த வீட்டுப் படியேறு. அவள் அம்மா திட்டுவாள். நின்று வாங்கிக்கொள்.

5. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும் என்று காத்திருக்காதே. அது நல்ல திட்டம்; எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்கிற பிள்ளைக்கு அது ஐந்து வருஷத் தூரத்தில் இருக்கிறது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். அதைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பெண்கள் சேர்க்கை நன்றாக ஏறியிருந்தது. ஆகவே நோட்டை எடுத்து, யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று முதலில் எழுது. வண்டி அந்த வரிசையில் போகட்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பரிசாகப் போகவேண்டாம். வயதுக்கு வந்ததும் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவைக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே அம்மாவிடம் வாதாடாதே, அப்பத்தாவிடம் பேசு. 1992-ல் அவள் எங்கே ஓட்டினாள் என்று கேள். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

6. கிராம சபையில் நீ பேசாதே. நான் ஒரு மே 1-ல் எழுந்து, ஜல்லி லாரி, திருப்பம், பாலத்துக் கைப்பிடிச் சுவர் என்று கால் மணி நேரம் பேசினேன். டீச்சர் பாடம் நடத்துகிறார் என்று எல்லோரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான். அடுத்த ஆகஸ்ட் 15-க்கு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “லாரி வந்தா நான் வாய்க்காலுக்குள்ள இறங்கிருவேன்” என்றான். தீர்மானம் எழுதினார்கள். வேகத்தடை வர ஒரு வருஷத்துக்குமேல் ஆனது, அது வேறு விஷயம். அதுவரைக்கும் முன்னால் ஒரு பெரிய பிள்ளை, பின்னால் ஒரு பெரிய பிள்ளை, நடுவில் சின்னதுகள் என்று வரிசையாக விட்டோம். டீக்கடைக்காரர் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் பள்ளிக்கு ஆள் அனுப்புவார்.

7. யாராவது கோபித்துக்கொண்டு விலகுவார்கள். விலகியவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதே. திரும்பி வரும்போது காரணம் கேட்காதே, பம்பைக் கையில் கொடு.

8. எத்தனை வண்டி கொடுத்தாய் என்று கேட்பார்கள். சொல்லு, தப்பில்லை. உன் நோட்டில் மட்டும் அடுத்த ஆடியில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பதற்கு ஒரு பத்தி போட்டுவை. என்னுடைய பழைய நோட்டில் முதல் வருஷத்து அந்தப் பத்தி வெறுமையாக இருக்கிறது. மறதியால் அல்ல, எழுத மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட இந்த முழங்கால் விடாது. உட்கார்ந்து காற்றடித்துக் கொடுக்கிறேன். வால்ட்யூப் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வை, வேண்டுகிற நேரத்தில் அதுதான் இருக்காது.