செடி வாடினால் முதலில் வேரைப் பார், தங்கச்சி

லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் போடுகிற தங்கச்சிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, காலையில நல்லா நின்ன செடி மத்தியானம் தொங்கிப் போகுது, தண்ணி ஊத்தினாலும் நிமிரல." உடனே மருந்துக் கடைக்கு ஓடாதே. செடியைப் பிடித்து மெதுவாக இழு. லேசாகக் கையோடு வந்துவிட்டால் வேரைப் புழு தின்றிருக்கிறது. அந்த இடத்தை ஒரு சாண் தோண்டினால் பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு அகப்படும். மழை விழுந்த அந்தியில் விளக்கைத் தேடி வருகிற வண்டுகளின் பிள்ளைதான் அது.

உருளைக்கிழங்குச் செடி வேரோடு உறுதியாக நின்றபடியே வாடினால், தண்டை அடியில் வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் நனையும்படி பிடி. சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியைக் கிழங்கோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அள்ளித் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்து, குப்பைக் குழியில் போடாதே. அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். லீக்ஸோ கரட்டோ போடலாம்.

இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. புழு கடித்த காயம் வழியாகத்தான் மண்ணிலுள்ள அழுகல் கிருமிகள் சுலபமாக உள்ளே போகின்றன. பல நேரம் புழு கடித்தது கொஞ்சம், அழுகல் கொன்றது மிச்சம். புழுவை மட்டும் பொறுக்கிவிட்டு அழுகிய வேரைப் பாத்தியிலேயே விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறாய்.

எல்லாப் புழுவையும் கொல்லவும் கூடாது. பிடித்ததை ஒரு பலகையில் விட்டுப் பார். முதுகால் மல்லாந்து ஊர்ந்து போனால், அது மக்கியதைத் தின்று எருவாக்குகிற சாது. எருக் குவியலுக்கே திருப்பி அனுப்பு. மற்றதைக் கோழிக்குப் போடு.

தோண்டும்போது சில புழு செத்து விறைத்து, மேலே பச்சைப் பவுடர் பூசினாற்போல் கிடக்கும். அதை வீசாதே, தங்கச்சி! மெட்டாரைசியம் என்ற பூஞ்சணம் அதைக் கொன்றிருக்கிறது. அந்தப் பவுடர் முழுக்க விதை மாதிரியான வித்துகள். பக்கத்துப் புழுவின் தோலில் ஒட்டி, துளைத்து, உள்ளே வளரும். 1879இல் ஒடெசாவில் மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி கோதுமை வண்டுப் புழுக்களில் இதைக் கண்டு, பயிரைக் காக்க இதை வளர்த்து விடலாம் என்று சொன்னார். புழுவை எடுத்த இடத்திலேயே மண் மூடிப் புதை. இந்தப் பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. அதனால் பாத்தியை வெறுமனே காயவிடாமல் இலைதழை போர்த்து. கிழங்குச் செடிக்கு அடிக்கிற பங்கசு நாசினியை இலையோடு நிறுத்து. வேரடியில் ஊற்றினால் நோய்ப் பூஞ்சணத்தோடு நமக்கு உழைக்கிற பூஞ்சணமும் சாகும்.

மாட்டுச் சாணத்தைப் பச்சையாகப் போடவே போடாதே. மக்காத சாணம் முட்டையிட வருகிற வண்டைக் கூப்பிடும். குவியலைக் கிளறிக் கிளறி விடு. உள்ளே கை வைத்தால் சூடும் நாற்றமும் இருக்கக் கூடாது, அப்புறம்தான் பாத்திக்கு.

மண்ணில் நல்லதை வளர்த்துக் கெட்டதை அடக்குகிற இதே கணக்குத்தான் தேயிலை மலையிலும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை, இரண்டு வருசம் வளர்ப்பதைப் பார்த்து, நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதே. மலைநாட்டுத் தேயிலை வேரைக் கெடுக்கிற நூற்புழு ஒன்று உண்டு. பூச்சியல்ல, கண்ணுக்குத் தெரியாத புழு. நம் தேயிலையில் ஆய்வு செய்த லூஸ் என்பவரின் பெயரையே 1960இல் அதற்கு வைத்தார்கள். அது தங்கியிருக்கிற பழைய தேயிலை வேர் மக்கி முடிய அந்த இடைவெளி வேண்டும். வெட்டிப் போடுகிற புல்லோ மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. உன் சின்னப் பாத்தியிலும் கிழங்குக்குப் பின் கிழங்கே போடாமல் ஒரு போகமாவது மாற்று.

இவ்வளவு செய்தும் புழு குறையாவிட்டால் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் புழுவையும் வேரையும் போத்தலில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டு. போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு ஒரு கோல் எடு. மெட்டாரைசியம் தூள் கிடைத்தால் வெயில் தாழ்ந்த பிறகு, ஈர மண்ணில், மக்கிய எருவோடு கலந்து போட்டு உடனே மூடிவிடு.