சிறு கைகளில் சூழல் காப்பு

சுற்றுச்சூழல் என்றதும் பெரியவர்களின் எண்ணம் காடு, கடல், பனிமலை என்று தொலைவுக்குச் செல்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கோ முற்றமும் சமையலறையும் குழாயடியுமே உலகம். ஆகவே சூழல் காக்கும் பழக்கத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும். நோயுற்றவர் உள்ள வீட்டில் இப்பழக்கம் அவருக்கும் காவலாகிறது.

தாண்டிக்குடி மலைப்பகுதியில் பெய்யும் மழை மருதாநதியாக இறங்கி, அய்யம்பாளையத்துக்கு அருகிலுள்ள அணையில் தேங்கி, நம் தோப்புகளுக்கும் வயல்களுக்கும் பாய்கிறது. மேலே எறியப்படுவது கீழே வந்து சேரும் என்பதைக் குழந்தைக்கு உணர்த்த இந்த ஆறே போதும். ஆற்றைக் காட்டிப் பேசுங்கள்; பிறகு வீட்டு வேலைகளில் ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்.

தேங்கிய நீரைக் கவிழ்த்தல்

தென்னை மிகுந்த நம் ஊரில் கொட்டாங்குச்சியும் குடித்தெறிந்த இளநீர்க் காய்களும் முற்றத்தில் கிடப்பது வழக்கம். மழைநீர் தேங்கிய ஒரு கொட்டாங்குச்சியே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகப் போதுமானது. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகின்றன. எனவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, குழந்தையுடன் முற்றத்தைச் சுற்றி வந்து, நீர் தேங்கியவற்றைக் கவிழ்க்க வேண்டும். இக்கொசுவின் முட்டைகள் ஈரமின்றியும் பல மாதங்கள் தாங்கும். ஆதலால் தொட்டி, வாளிகளின் உட்புறத்தைப் பெரியவர்கள் தேய்த்துக் கழுவுதல் அவசியம். வீட்டில் டெங்குக் காய்ச்சல் கண்டவர் இருப்பின், அவரைக் கடிக்கும் கொசு மற்றவர்க்கும் நோயைக் கொண்டு செல்லக்கூடும். அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

குப்பையைப் பிரித்தல்

மூன்று, நான்கு வயதில் குழந்தைகள் பொருள்களை இனம் பிரிப்பதை விளையாட்டாகவே விரும்புவார்கள். வாழைப்பழத் தோல் ஒரு கூடையில், பிஸ்கட் உறை மற்றொன்றில் என்று தொடங்கலாம். மக்கும் குப்பை எருவாவதைச் சில வாரங்கள் கழித்துக் காட்டினால் பாடம் மனத்தில் நிற்கும். பிரித்த குப்பையைத் தூய்மைக் காவலரிடம் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்து, அவரை மரியாதையுடன் அழைக்கவும் பழக்குங்கள். பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள். அந்தப் புகை ஆஸ்துமா உள்ளவருக்கும் வளரும் நுரையீரலுக்கும் தீங்கானது. பெரியவர் எரிப்பதைக் கண்ட குழந்தையிடம் எந்த அறிவுரையும் எடுபடாது.

துணிப்பையும் தண்ணீர்ப் புட்டியும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வரும்போது தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் புட்டியையும் துணிப்பையையும் எடுத்து வைக்கும் பொறுப்பைக் குழந்தையிடம் விடுங்கள். தனக்கென ஒரு பொறுப்பு இருந்தால் குழந்தை அதை மறப்பதில்லை.

நீரைச் சேமித்தல்

சோப்புத் தேய்க்கும் 20 விநாடிகளும் குழாய் மூடியிருக்கட்டும். மூடாவிட்டால் எவ்வளவு வீணாகிறது என்பதைக் குழாயடியில் வாளியை வைத்துக் குழந்தையே அளந்து பார்க்கட்டும். சிக்கனத்தின் பேரால் கை கழுவுவதைக் குறைத்தல் கூடாது. நோயாளியைத் தொடுமுன் கை கழுவுவது கட்டாயம்.

குழந்தை தொடக்கூடாதவை

எல்லாக் குப்பையும் குழந்தைக்கு உரியதன்று. இன்சுலின் ஊசி, கட்டுத்துணி, காலாவதியான மாத்திரை ஆகியவற்றைப் பெரியவரே கையாள வேண்டும். ஊசிகளைத் தடித்த, மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, எங்கே ஒப்படைப்பது என்று செவிலியரிடம் கேளுங்கள். மருத்துவமனையிலுள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீல நிறக் கழிவுக் கலன்களின் அருகில் குழந்தையை விடாதீர்கள். பாதரச வெப்பமானி உடைந்தால் குழந்தையை உடனே அப்புறப்படுத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுச் சிக்கலால் 2001 இல் மூடப்பட்டது. பாதரசத்தின் தீமையை நம் மலைப்பகுதி அறியும்.

கற்பிக்கும் முறை

முதலில் செய்து காட்டுங்கள். அடுத்துச் சேர்ந்து செய்யுங்கள். பிறகு தனியே செய்ய விடுங்கள். ஒரு பழக்கம் படிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குங்கள். மறந்தால் கடிந்துகொள்ளாமல் நினைவூட்டினால் போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, "நீ குப்பை போட்டதால்தான் பாட்டிக்குக் காய்ச்சல்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பிறர் நோய்க்குத் தானே காரணம் என்று குழந்தை நம்பிவிட்டால், அந்தச் சுமை அதன் மனத்தில் நெடுநாள் தங்கும். "நீ கவிழ்த்து வைத்தாய், இனி இதில் கொசு வளராது" என்று சொல்லுங்கள். செய்ததன் பயனை அறிந்த குழந்தை, நாளை யாரும் ஏவாமலே அதைச் செய்யும்.